புது டேப்

தங்கை பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டி அளவுக்கு மீறிச் சுத்தமாகத் திரும்பி வந்தபோதுதான், தையற்கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. சாப்பிட்ட பெட்டியில் ஒரு பருக்கையாவது ஒட்டியிருக்கும். இதில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. கேட்டால் தங்கை, “நல்லாத்தான்க்கா இருக்கேன்” என்பாள். சொல்லும்போதே ஒரு கை சுவரைத் தேடும்.

தங்கைக்குப் பதினைந்து வயது. வீட்டில் அவள் பெயர் குருவி. கையளவாகப் பிறந்தவளுக்கு அப்பா வைத்த செல்லப் பெயர் அது. போன வருடம் அவள் மளமளவென்று வளர்ந்து உடம்பு நிரம்பத் தொடங்கியதும், “என்ன குருவி, கூண்டு பத்தலை போலிருக்கே!” என்று அப்பா கேலி செய்தார். வீடே சிரித்தது. அக்காவும்தான்.

அன்று சாயங்காலம் துணி அடுக்கப் போன அக்கா, அலமாரிக் கதவின் உட்பக்கம் குருவியின் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் தேதி, பக்கத்தில் இடுப்பளவு. மாதக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருந்த அளவு, மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை முக்கால் அங்குலம் ஏறியிருந்தது. அதற்குக் கீழே பென்சில் மரத்தையே கீறியிருந்தது.

அக்காவுக்குச் சுரீரென்றது. அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கொக்கியில் தொங்கிய அளவு டேப்பை மாற்றியவள் அவள்தான். வீட்டில் வெட்டிய சட்டைக் கை நீண்டுபோனதால், கடை மாஸ்டர் அந்த டேப்பை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்திருந்தார். “ஆறு வருஷமா இழுத்தா நீளாம என்ன செய்யும்? தூக்கிப் போடும்மா.” நீண்ட டேப் எதையும் குறைத்துத்தான் காட்டும். புதியதை மாட்டியவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் வேறு யார் அளக்கப்போகிறார்கள்?

இப்போது சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். துணி மூட்டையைக் கட்டியிருந்த பழைய டேப்பை அவிழ்த்துவந்து, இரண்டையும் கட்டிலில் அருகருகே நீட்டினாள்.

“பாரு குருவி. நீ ஏறவே இல்ல. டேப்தான் மாறிச்சு.”

குருவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப நான் ஆரம்பத்துலேருந்தே இவ்வளவா?”

பேச்சு வராதபோது அக்காவுக்குக் கை வரும். புது டேப்பை எடுத்தாள்.

“எழுந்து நில்லு, பாவாடைக்கு அளவெடுக்கறேன்.”

டேப் தொட்டதுமே குருவி வயிற்றை எக்கினாள். கடையில் இப்படி எக்குகிறவர்களிடம் அக்கா பேச்சுக் கொடுப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு யாராலும் பேச முடியாது.

“எப்பலேருந்துடி எழுதறே?”

“அப்பா... கூண்டுன்னு சொன்ன அன்னிலேருந்து.”

“நானும் சிரிச்சேன்ல?”

“நீதான்க்கா ரொம்ப நேரம் சிரிச்சே.”

அதோடு அழுகை வெடித்தது. அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியேறி வயிறு தளர்ந்தது. அக்கா எண்ணைப் பார்க்கவில்லை. டேப்புக்குள் இரண்டு விரலை நுழைத்தாள்.

“கடையில ரெண்டு விரல் விட்டுத்தான் தைப்போம். மூச்சு விட, உக்கார, சாப்பிட இடம் வேணும்ல. தெரியாம சிரிச்சுட்டேன்டி. தப்பு.”

“அப்பாகிட்ட சொல்லாதே.”

“சொல்லத்தான் போறேன். இனிமே வாயைத் திறக்கக் கூடாதுன்னு. நாளைக்கு டாக்டரையும் பார்க்கறோம். நானும் லீவு போடறேன்.”

“மாஸ்டர் கத்துவாரு.”

“கத்தட்டும். அவருக்கும் பொழுது போகணும்ல.”

குருவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாதிச் சிரிப்புச் சிரித்தாள். அன்றைக்கு ஒரு முட்டையில் பாதி சாப்பிட்டாள். இன்னொரு வாய் என்று அக்கா கெஞ்சவில்லை. இரண்டு டேப்பையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கொக்கி காலியாக இருந்தது. குருவி அதையே பார்த்தாள், டேப்பைக் கேட்கவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், சாப்பாட்டுப் பெட்டி கழுவாமல், பாதி மிச்சத்தோடு, மூடியெல்லாம் பிசுபிசுவென்று வந்தது. அக்கா அதை வெகு நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் தேய்க்கப் போட்டாள்.