வெளியே பூட்டிய வீடு

டோரிஸ் ஆன்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சுங்கை வேயில் அவர் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் தீக் காப்புறுதியை இன்சூரன்ஸ் கம்பெனி ரத்து செய்துவிட்டதாகக் கடிதம் வந்ததும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கார் பிடித்து நேரே அங்கே போய்விட்டார். ஆள் குடியில்லாத வீட்டுக்குக் காப்புறுதி கிடையாதாம். கம்பெனி ஆள் பார்வையிடப் பல தடவை வந்தும் கிரில் கதவில் வெளிப்பூட்டுத்தான் தொங்கியதாம். அப்படியானால் மாதா மாதம் வாடகையைப் பேயா கட்டுகிறது என்று வழியெல்லாம் பொருமினார்.

நடுப்பகல். முன் கிரில்லில் பூட்டுத்தான் தொங்கியது. போன் போட்டதும் வாடகைக்கு எடுத்திருந்த மைதீன் வந்தார். பெட்டாலிங் ஜெயாவில் இரவும் பகலும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடை அவருடையது. குடும்பத்தோடு இருக்கப்போவதாகச் சொல்லித்தான் வீட்டை எடுத்திருந்தார். பின்சந்துக்கு அழைத்துப் போய், அங்கேயும் வெளியே தொங்கிய பூட்டைத் திறந்தார்.

உள்ளே எட்டுப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஹாலைப் பலகை போட்டு அறை அறையாகத் தடுத்திருந்தார்கள். எல்லா விசிறிகளும் ஒரே வயரில் ஓடின. லேசாகக் கருகல் வாடை. நரைத்த தலைக்காரர் ஒருவர் விழித்துக் காலை மடக்கி வழிவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

"கடை ஆளுங்க ஆன்டி, நைட் ஷிப்ட். ஊர்லேர்ந்து வந்தவங்க, வேல பர்மிட் முடிஞ்சு போச்சு" என்றார் மைதீன். "வெளிய பூட்டு தொங்குனா இமிகிரேஷன்காரன் ஆளில்லன்னு போயிடுவான். எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க லா."

"தீப்பிடிச்சா?"

"வாயக் கழுவுங்க ஆன்டி. சாவி எங்கிட்டதான இருக்கு."

டோரிஸ் ஆன்டிக்குப் பயம் பாதி அவர்களுக்காக, பாதி தனக்காக. விஷயம் வெளியே போனால் வீட்டுக்காரரையும் பிடித்து உள்ளே போடுவார்கள். இன்றைக்கே பூட்டை எடு என்று கத்தினார். மைதீன் ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டார். ஆன்டியும் கொடுத்துவிட்டார்.

வாசலில் பக்கத்து வீட்டுப் புனிதா நின்றிருந்தாள்.

"ஆள் வந்துட்டாங்களா ஆன்டி? உள்ள ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"எலியா இருக்கும். வீடு காலிதாம்மா."

மறுநாள் காப்புறுதி அலுவலகத்தை அழைத்துக் கெஞ்சினார். குடியிருப்பவர்களின் அடையாளப் பத்திரங்களைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். எதைக் கொண்டுபோவது? திருடனுக்குத் தேள் கொட்டினது போல வாயை மூடிக்கொண்டு போனை வைத்தார். அன்றிரவு வாடகை வீட்டை நினைத்து ஜெபம்கூடச் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் புனிதா அழைத்தாள்.

"ஆன்டி, உங்க வீட்டுல ஒரே புகை! தீயணைக்க பொம்பா வண்டி வந்துடுச்சு. பயப்படாதீங்க, வீடு காலின்னு நான் சொல்லிட்டேன். அதான் எங்க வீட்டுக்குப் பரவாம மொதல்ல இந்தப் பக்கம் தண்ணி பீய்ச்சுறாங்க."

"ஆள் இருக்கு!" டோரிஸ் ஆன்டி அலறினார். "உள்ள எட்டுப் பேர் இருக்காங்க புனிதா! ரெண்டு பக்கமும் பூட்டியிருக்கு, உடைக்கச் சொல்லு!"

புனிதா ஓடுவதும், தீயணைப்பு ஆட்களிடம் மலாயில் கத்துவதும் கேட்டது. இரும்பை அறுக்கும் சத்தம் வந்தது. அது நீண்டுகொண்டே போனது. பிறகு மூச்சிரைக்க அவள் குரல் திரும்ப வந்தது.

"கதவத் திறந்துட்டாங்க ஆன்டி, புகையில ஒண்ணும் தெரியலையாம். கூப்பிட்டா யாரும் பதில் கொடுக்கல. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கணுமாம். சீக்கிரம் சொல்லுங்க, பேர் என்னா?"

டோரிஸ் ஆன்டிக்கு ஒருவர் பெயர்கூடத் தெரியவில்லை.