இடப்பக்க லீவர்

என் கணவரை மர மில்லில் எல்லோரும் 'ஒன்றரைக்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ரம்பத்தோடு போய்விட்டன. மிச்சத்தில் கட்டைவிரல் சரியாக மடங்காது. அந்தப் பெயரைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தவர் அவரேதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை போய்விட்டது, சரி. அந்த ஒன்று பத்திரமாக இருக்க வேண்டுமே என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை. அவர் பஸ் கதவைப் பிடித்து ஏறினாலும், ஜன்னலைச் சாத்தினாலும் என் கண் அந்த வலது கை மேலேயே இருக்கும். என் தம்பி எனக்கு 'சைரன்' என்று பெயர் வைத்திருக்கிறான். ஆபத்து வருவதற்கு முன்னாலேயே அலறுகிறேனாம். வந்த பிறகு அலறி யாருக்கு என்ன பிரயோஜனம்?

மில்லை விட்டு நின்றதும் மனுஷன் கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருப்பார் என்று நினைத்தேன். அது என் அறியாமை. தெருமுனை பேக்கரியில் இன்னும் விறகு அடுப்புதான். பேக்கரிக்காரர் ஒருநாள் வாசலில் நின்று பேசும்போது, "நல்லாக் காஞ்ச விறகா, ஒரே அளவா குடுக்க ஆள் இல்ல அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். கோடாலியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இவரால் முடியாது. முடியாது என்றால் விட்டுவிடுகிற ஆளா? விறகு பிளக்க மெஷின் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

என் தம்பி வெல்டர். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இரும்பு. இடித்த கட்டடத்திலிருந்து ஓர் இரும்பு உத்தரம் வந்தது. மண் அள்ளும் வண்டியிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் சிலிண்டர் வந்தது. ஒரு மோட்டார், ஒரு பம்ப், எண்ணெய் ஊற்ற ஒரு டப்பா. பின்கட்டு ஷெட்டில் துணி காயப்போட இடம் இல்லாமல் போனது. விஷயம் சுலபம்தான். மோட்டார் பம்பைச் சுற்றும், பம்ப் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் கட்டையைத் தள்ளும். உத்தரத்தின் மறுமுனையில் அசையாமல் ஓர் ஆப்பு நிற்கிறது. கட்டை அதில் போய் மோதிப் பிளக்கும். ஒரு பக்கம் சாய்வாக இரண்டு குழாய்கள், அவற்றின் வழியாகக் கட்டை தானாக உருண்டு வந்து உத்தரத்தின் மேலுள்ள தொட்டியில் உட்காரும். இன்னொரு பக்கம் தகரச் சறுக்கு, அதன் வழியாகப் பிளந்த விறகு நேராகக் கம்பிக் கூண்டுக்குள் விழும். கூண்டு நிறைந்தால் அப்படியே டிராலியில் ஏற்றிக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவிடலாம். காய்ந்ததும் அதே கூண்டு பேக்கரிக்குப் போகும்.

"விறகை ஒரு தடவைக்கு மேல தொடக்கூடாது" என்பார். "எடுத்து வெக்கறது, அடுக்கறது, மறுபடி எடுக்கறது, இதெல்லாம் தண்ட வேலை. தொட்டா பிளக்கணும், இல்ல தொடவே கூடாது."

இந்த ஞானம் ஷெட்டோடு நிற்கவில்லை, சமையலறைக்குள்ளும் நுழைந்தது. கழுவிய பாத்திரத்தை மறுபடி எடுத்து அலமாரியில் அடுக்கினால், இரண்டாவது தொடல் என்று கணக்குச் சொன்னார். "அப்ப சாப்பாட்டையும் அடுப்புலேந்து நேரா உங்க வாயில கொட்டிடறேன், தட்டு எதுக்கு?" என்று கேட்டேன். அதற்கப்புறம் சமையலறைப் பக்கம் வாய் திறக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மெஷினை ஓட்டிக் காட்டிய அன்று, கட்டை 'படார்' என்று இரண்டாகத் தெறித்ததைப் பார்த்து இரண்டு பேரும் குதித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"எல்லாம் சரி. இது தள்ளும்போது மாமா கை எங்கடா இருக்கும்?"

தம்பி தலையைச் சொறிந்தான். "ஒரு கை லீவர்ல இருக்கும். இன்னொரு கை... சும்மா இருக்கும் அக்கா."

"உங்க மாமா கை எப்படா சும்மா இருந்திருக்கு?"

நான் விடவில்லை. இரண்டு கைக்கும் வேலை கொடுக்கிற மாதிரி எதையாவது செய்தால்தான் இந்த மெஷின் இந்த வீட்டில் ஓடும் என்று சொல்லிவிட்டேன். முனகிக்கொண்டே இரண்டாவதாக ஒரு லீவர் வைத்தான். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் சிலிண்டர் நகரும். எதை விட்டாலும் ஸ்ப்ரிங் இழுத்து, இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி சீக்கிரமே போனது. நான் சமையலறையில் இருந்தாலும் காது ஷெட்டில்தான் இருக்கும். மெஷினுக்கு மூன்று சத்தம். சும்மா ஓடும்போது ஒரு ரீங்காரம், கட்டையைத் தள்ளும்போது ஓர் உறுமல், பிளக்கும்போது அந்தப் படார். படாருக்குப் பின்னால் கூண்டில் விறகு விழுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். சத்தம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். வெங்காயம் நறுக்குகிறேன் என்று சொல்லி எத்தனை நாள் கண்ணைத் துடைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் நடுவே நிறைய நேரம் ஆகும். இடது கை வலித்து, உதறிவிட்டு, மறுபடி பிடிப்பார். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், படார் படார் என்று மூச்சு விடாமல் கேட்கிறது. பம்ப் கொஞ்சம்கூட ஓயவில்லை. இடது கை திடீரென்று தேறிவிட்டதா? அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூடத் தெரியாது, ஓடினேன்.

இடப்பக்க லீவரைச் சைக்கிள் ட்யூப் வைத்துக் கட்டியிருந்தார். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் வலப்பக்க லீவரைத் தட்டி ஒரு மரச்சக்கையைச் செருகி நிறுத்திவிட்டு, அதே கையால், தள்ளிக்கொண்டு போகும் கட்டையைத் தடவித் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கும் ஆப்புக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை.

கத்தினால் திடுக்கிட்டு எதையாவது செய்துவிடுவாரோ என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கட்டை பிளந்து விழுந்த பிறகுதான் போய் ஸ்விட்சை அணைத்தேன்.

"என்னங்க இது?"

"ட்யூபு."

"ட்யூபுன்னு எனக்கும் தெரியும். இங்க ஏன் கட்டியிருக்கு?"

"இடது கைக்கு வேலை வரல. அதான் ட்யூபுக்கு வேலை போட்டுக் குடுத்தேன்."

சிரிக்க வேறு செய்தார். நான் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, ட்யூபை அவர் கண் முன்னாலேயே வெட்டினேன். மறுநாள் புது ட்யூப் கட்டியிருந்தார். வெட்டினேன். அதற்கடுத்து இரும்புக் கம்பி. அதை வெட்டக் கத்தரிக்கோலால் முடியவில்லை. அங்கேயே, சக்கைக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எனக்கு இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்க தெம்பில்லங்க" என்றேன். "அன்னைக்கு ரெண்டு விரலோட போச்சு. இந்தக் கையும் போச்சுன்னா சட்டைப் பித்தான்கூட உங்களால போட முடியாது. நான் போட்டு விடுவேன், அது பெரிசில்ல. ஆனா நீங்க அதைத் தாங்க மாட்டீங்க."

அவர் குனிந்து கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்க்கவும் இடது கை ஒத்துழைக்கவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

தம்பியைக் கூப்பிட்டோம். அவன் லீவரை அசைத்துப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கட்டும்னு ஸ்ப்ரிங்கைத் தளர்த்தினா லீவர் தானா விழுந்துடும் அக்கா, அப்பறம் அது இருந்தும் இல்லாத மாதிரி. இடது கைக்குப் பதிலா காலால மிதிக்கற மாதிரி பெடல் வெச்சுத் தரேன். சாமான் தேடணும், கொஞ்ச நாள் ஆகும்" என்றான்.

"மழை அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா மச்சான்?" என்றார் இவர். "இப்ப பிளந்து வெச்சாத்தான் காயும். பேக்கரிக்காரருக்கு வாக்கு குடுத்தாச்சு."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம், மெஷினே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மில்லை விட்டு வந்தபின் அவர் முகத்தில் களை வந்ததே இந்த ஷெட்டில்தான். அதையும் பறித்துக்கொண்டு அவரை எங்கே உட்கார வைப்பது?

"பெடல் வர்ற வரைக்கும் இடது கை நான்தான்" என்றேன்.

"போச்சு, சைரனே மெஷின்ல ஏறிடுச்சு" என்றான் தம்பி.

மறுநாள் காலையிலிருந்து நான் இடப்பக்கம் நின்றேன். அவருடைய பழைய கையுறைகளை மாட்டிக்கொண்டேன். விரல் நுனிகள் தொளதொளவென்று நீண்டு கிடந்தன. சட்டம் போட்டது நான். கட்டையைத் தொட்டியில் சரியாக உட்கார வைத்த பிறகுதான் லீவர். அவருடைய வலது கை லீவரில் இருக்க வேண்டும். இடது கை இடுப்பில் இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து அது ஓர் அங்குலம் நகர்ந்தாலும் நான் என் லீவரை விட்டுவிடுவேன். முதல் நாள் அவர் மூக்கைச் சொறியப் போனதற்குக்கூட மெஷினை நிறுத்தினேன்.

"மூக்குக்குமா?"

"மூக்குக்கும்தான்."

போகப்போகக் கை பழகியது. அவர் குழாயிலிருந்து கட்டையை உருட்டி விடுவார், அது தொட்டியில் உட்காரும், நான் என் லீவரைப் பிடிப்பேன், அவர் அவருடையதைப் பிடிப்பார். உறுமல், படார், சறுக்கு, கூண்டு. ஒரு விறகைக்கூட நான் கையால் எடுக்கவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்துப்போனது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒரு வேலை செய்ததே இல்லை. கூண்டுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பேக்கரிக்காரர் வந்து பார்த்து, "அண்ணியும் சேர்ந்துட்டாங்களா, இனி கவலையில்ல" என்றார்.

பயம் மட்டும் போகவில்லை. கட்டை எப்படிப் பிளக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அதைப் பார்த்ததே இல்லை. என் கண் முழுக்க அவர் கை மேல். வலது கை லீவரில், இடது கை இடுப்பில். வலது, இடது. ஒவ்வொரு கட்டைக்கும் அதே பார்வைதான்.

அன்று வானம் மூடிக்கொண்டு வந்தது. கடைசிக் கூண்டு. முடிச்சு முடிச்சாக, முறுக்கிக்கொண்ட ஒரு கட்டை மிச்சமிருந்தது. அதை விட்டுவிடலாம் என்று சொன்னேன். "இதையும் முடிச்சிடலாம், கூண்டு நெறைஞ்சிடும்" என்றார். உருட்டி விட்டார். உட்கார்ந்தது. பிடித்தேன், பிடித்தார். வலது லீவரில், இடது இடுப்பில். உறுமல் வந்தது.

திடீரென்று உறுமல் நின்றது. படார் கேட்கவில்லை. என் லீவர் என் இடது கையில்தான் இருந்தது. அவர் அவருடையதை விட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏங்க விட்டீங்க? நடுவுல விடாதீங்கன்னு எத்தனை தடவை—"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.

கட்டை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை அமுக்க ஒரு கை போயிருந்தது. ஆப்புக்கும் கட்டையின் முகத்துக்கும் நடுவே கையுறையின் இரண்டு விரல்கள் சிக்கியிருந்தன. யார் கை இது என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அவர் கை இரண்டும்தான் எனக்குத் தெரியுமே, ஒன்று லீவருக்கு மேலே அந்தரத்தில், ஒன்று இடுப்பில். அப்புறம்தான் என் வலது தோள் முன்னால் சாய்ந்திருப்பது தெரிந்தது.

அவருக்குச் சட்டம் போட்ட நான், என் சும்மா இருந்த கைக்கு ஒரு சட்டமும் போடவில்லை.

அவர் லீவர் பக்கம் போகவே இல்லை. பின்னால் இழுத்தால் சிலிண்டர் திரும்பிப் போகும் என்று தெரியும், அதைச் செய்தவரே அவர்தான். ஆனாலும் தொடவில்லை. சுவரோரம் போய் ஸ்விட்சை அணைத்தார். அணைந்துவிட்டதா என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். ஷெட்டுக்குள் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

"வலிக்குதா?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"தெரியலங்க."

மெதுவாகக் கையை இழுத்தேன். வந்தது. தொளதொளவென்ற அந்த விரல் நுனிகளைத்தான் ஆப்பு கவ்வியிருந்தது. கை வெளியே வந்துவிட்டது, கையுறை அங்கேயே நின்றது. அதன் இரண்டு விரல்கள் கட்டைக்குள் நசுங்கிக் கிடந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தோளைத் தொட்டதும்தான் திரும்பினார்.

என்னைச் சக்கைக் குவியல் மேல் உட்கார வைத்தார். எதிரே மண்டியிட்டு என் கையை எடுத்துத் தன் வலது உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். இடது கையில் மிச்சமிருந்த மோதிர விரலால் என் கட்டைவிரலைத் தொட்டார். பிறகு ஆள்காட்டி விரல். ஒவ்வொன்றையும் நுனிவரை தடவி, மடக்கிப் பார்த்து, அடுத்ததற்குப் போனார். வெளியே தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்தது. கூண்டுகளை மூடவில்லை.

சுண்டுவிரல் வரை வந்துவிட்டு, மறுபடி கட்டைவிரலுக்குப் போனார்.

"அஞ்சும் இருக்குங்க" என்றேன்.

"பேசாத" என்றார். "எண்ணிக்கிட்டிருக்கேன்."