எட்டு வீட்டுக்கு ஒரு கம்பி

எங்கள் ஊர் ஹின்ரிக் டிர்க்சென், 1918 வசந்தத்தில் ஹென்றி டிக்சன் ஆனார். அமெரிக்கா ஜெர்மனியோடு சண்டையில் இறங்கிய பிறகு, அயோவாவில் எங்களைப் போன்ற ஜெர்மன் குடும்பங்கள் தேசபக்தியைக் கொஞ்சம் சத்தமாகக் காட்ட வேண்டியிருந்தது. ஹென்றி எல்லாரையும்விடச் சத்தமாகக் காட்டி, ஊரின் நாட்டு விசுவாசக் கமிட்டிக்குத் தலைவரானார். கோட்டில் ஒரு கொடி, தொப்பியில் ஒரு கொடி. ஜெர்மன்காரர்களின் புளித்த முட்டைகோஸுக்கு 'சுதந்திர முட்டைகோஸ்' என்று பெயர் வைத்துவிட்டு, பழையபடி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

டெலிபோனில்கூட ஆங்கிலம் தவிர எதுவும் பேசக் கூடாது என்று ஆளுநர் உத்தரவு வந்தது. எங்கள் பக்கம் எட்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும், எல்லாரும் எடுப்போம். அதை ஒட்டுக் கேட்பது என்று யாரும் சொல்வதில்லை. ஹென்றி வீடு வீடாக வந்து எச்சரித்தார்.

"கம்பியில யாராவது அந்தப் பாஷை பேசினா, என் அக்காவா இருந்தாலும் விட மாட்டேன்."

"உங்க அக்காவுக்கு வேற பாஷையே தெரியாதே, ஹின்ரிக்," என்றாள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஃபென்னா.

"ஹென்றி!"

"சரி, ஹென்றி. காலையில உங்க நாயை இங்கிலீஷ்ல திட்டுனீங்களே, பாவம், பாராட்டுறீங்கன்னு வாலை ஆட்டிச்சு."

ஹென்றியின் அக்கா தால்கே, தாயில்லாத தம்பியை மடியில் வைத்து ஜெர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவள். ஓடைக்கு அந்தப் பக்கம் கடைசிப் பண்ணையில் தனியாக இருந்தாள். அக்டோபரில், ஊரெங்கும் பரவிய விஷக் காய்ச்சல் அங்கேயும் போனது.

ஒருநாள் மதியம் ஹென்றி வீட்டு மணி அடித்தது. எல்லாரும் எடுத்தோம். தால்கேயின் குரல், ஜெர்மனில்.

"ஹின்ரிக்கா? நான்தாண்டா. மூச்சு விட முடியல. ஒரு வாட்டி வந்துட்டுப் போறியா, கண்ணு?"

கம்பி முழுக்க அக்கம்பக்கத்து மூச்சு. ஹென்றி தொண்டையைச் செருமினார். பிறகு மேடை ஆங்கிலத்தில், "அம்மையீர், இக்கம்பியில் ஆங்கிலம் மட்டுமே அனுமதிக்கப்படும். யான் விரைவில் வருவேன்" என்றார்.

அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தம்பி அந்த மொழியில் பேசி அவள் கேட்டதே இல்லை.

"மன்னிச்சுக்குங்க ஐயா, தம்பி வீடுன்னு நெனச்சுட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஹென்றி உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் அன்று மாலை போருக்குப் பணம் திரட்டும் பத்திரக் கூட்டம், தலைமை அவர். ஃபென்னாதான் சூப்போடு ஓடினாள்.

"தம்பி வீட்டுல யாரோ பெரிய மனுஷர் வந்திருக்காரு போல. அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றாளாம் தால்கே. அது உன் தம்பிதான் என்று சொல்ல ஃபென்னாவுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை ஹென்றி போனபோது தால்கே உயிரோடு இல்லை.

அடக்கத்தில் பாதிரியார் சட்டப்படி ஆங்கிலத்தில் ஜெபித்தார். கிழவர்கள் கோர்ட்டில் தீர்ப்புக் கேட்பதுபோல் நின்றார்கள். எல்லாரும் கலைந்த பிறகு ஹென்றி ஃபென்னாவிடம் வந்தார்.

"அன்னைக்கு எல்லாரும் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஆமா."

"நான் நம்ம பாஷையில பேசியிருந்தா, யாரு காட்டிக் கொடுத்திருப்பீங்க?"

ஃபென்னா கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.

"கம்பியில இருந்தது பூரா நம்ம ஜனங்க. காட்டிக் கொடுக்கிற ஆளு ஒருத்தர்தான், ஹின்ரிக். அவரு பதில் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

ஹின்ரிக் என்று கூப்பிட்டதை அவர் அன்று திருத்தவில்லை.