மூன்று மாதத்துக்கு ஒரு தடவை

பம்பாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் பூலோகம் வந்து உட்கார்ந்ததும், பெஞ்சிலிருந்த இருவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்கள். தாராவித் தோல் கம்பெனியில், பச்சைத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை அவனுக்கு. எந்தச் சோப்புக்கும் அந்த வாடை போகாது. வெடித்த விரல்களை மடிக்குள் ஒடுக்கிக்கொண்டு, மகள் இசக்கியைக் கொண்டுபோன கதவையே பார்த்திருந்தான்.

அறுபத்து நாலாம் வருஷ மழைக்காலத்தில் ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போயிற்று. சூடு என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தான். நிற்கவில்லை. இங்கே மயக்கம் கொடுத்து, விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, மூத்திரப்பையில் கட்டி என்றார்கள். எடுத்துச் சோதித்ததில் புற்று. தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவைச் சேர்ந்த டாக்டர் வெங்கடராமன்தான் தமிழில் சொன்னார்.

"குழந்தைகளுக்கு இது வர்றது ரொம்ப அபூர்வம். எடுத்தாச்சு. ஆனா திரும்ப வரலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்தே ஆகணும். தவற விட்டுடாதேள்."

பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த மனைவிக்கு அவன் இன்னும் எதுவும் தெரிவிக்கவில்லை.

இன்றைய சோதனைக்காக நேற்று மேஸ்திரி நம்பிராஜனிடம் லீவு கேட்டிருந்தான்.

"பிள்ள நல்லாத்தான ஓடியாடுது. பெறவு என்னலே சோதனை?"

"வெளிய தெரியாதாம் அண்ணாச்சி. உள்ள விட்டுத்தான் பாக்கணுமாம்."

"குழியில தோலு கெடக்கு. நாளைக்கு வரலேன்னா வேற ஆளப் போட்டிருவேன், பாத்துக்கோ."

மதியம் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். "சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்லே. அடுத்தது மார்ச்ல."

யாரிடமாவது சொல்ல வேண்டும்போலிருந்தது பூலோகத்துக்கு. ஜன்னலோரம் நின்றவர்களைப் பார்த்து, "பச்சி அச்சா ஹை," பிள்ளை நல்லாயிருக்கு என்று தெரிந்த இந்தியில் சொன்னான். ஒருவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம், மயக்கம் தெளிந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனான். வாசலில் நம்பிராஜன் நின்றிருந்தார். இசக்கி தலையைத் தூக்கினாள்.

"மாமா, எனக்கு ஒண்ணுமில்லையாம். டாக்டரு சொன்னாவ."

"நல்லா இரு தாயி," என்று அவள் தலையைத் தடவினார்.

அவர் தோளுக்குப் பின்னால், பூலோகத்தின் குழியிலிருந்து புது ஆள் ஒருவன் தோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி..."

"நான் சொன்னம்லா."

தகரக் கதவு கிறீச்சிட்டு மூடியது. அப்பாவின் தோளில் சாய்ந்தபடி, இசக்கி மாமாவுக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தாள்.