தொந்தியார் வீட்டு ஜோக்

பத்திரிகை அலுவலக முன்கூடத்தில் ஆசிரியர் பழைய கார்ட்டூன் ஒன்றைப் பெரிதாக்கி ஒட்டிய பலகையை நிமிர்த்தி வைத்ததுமே ஓவியரின் மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லா நாள் படத்தையும் விட்டுவிட்டு இந்த நாள் படத்தையா பொறுக்கினார்கள்!

"வாசகர்கள் ஓட்டுப் போட்டு எடுத்ததும்மா. ஐயா வரைஞ்ச 'தொந்தியார் வீடு' தொடர் நின்னுபோனாலும் இது சுவர்ல எப்பவும் இருக்கும். படம் நல்லா வந்துடுச்சு, எழுத்துதான் மங்கல். உங்க கையாலயே எழுதிக் குடுங்களேன்."

படம் கணவருடையது, குமிழுக்குள் எழுத்து என்றும் இவளுடையது. தொந்தியாரின் மனைவி ஒருநாளும் கட்டத்துக்குள் தலைகாட்டியதில்லை. சமையலறைப் பக்கமிருந்து பேச்சுக்குமிழ் மட்டும் நீளும். அதிலிருந்த வசவெல்லாம் இவள் நிஜமாகவே திட்டியவை. காலையில் வாயால் திட்டியதை மதியம் மையால் எழுதுவாள். பெரும்பாலும் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

இந்தப் படத்துக்கு மட்டும் வரவில்லை. இதை எழுதிய அன்று, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று போன் வந்திருந்தது. "நாளைக்குப் போயேன், இன்னைக்கு யார் எழுதறது?" என்றார் அவர். அவள் கத்தித் தீர்த்ததில் கடைசித் துண்டை மட்டும் நறுக்கிக் குமிழில் வைத்தார்: 'உங்களுக்குப் பசிச்சா மட்டும் எல்லாம் உடனே நடக்கணும்!' அதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. மறுநாள் பத்திரிகையில் அதைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

"இதை மாட்டாதீங்க தம்பி. அன்னைக்கு எங்கம்மா செத்துப்போனா."

"அடடா... ஆனா படிக்கறவங்களுக்கு இது வெறும் ஜோக்தானேம்மா?"

"வெறும் ஜோக்கா? குடுப்பா அந்தப் பிரஷ்ஷை."

குமிழ் போட ஒரு முறை உண்டு. எழுத்து முதலில், சுற்றுக்கோடு பிறகு. கோட்டை முதலில் போட்டுவிட்டால் நீளமான சொல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நெளியும்; கொம்புக்கும் சுழிக்கும் மேலும் கீழும் மூச்சுவிட இடம் வேண்டும். ஆகவே சொல் எவ்வளவோ, குமிழ் அவ்வளவு. அவள் பழைய குமிழின்மேல் வெள்ளை மையைத் தாராளமாகப் பூசி, காயவிட்டு, அன்று கத்தியதை நறுக்காமல் எழுதினாள்.

'எங்கம்மா சாகக் கிடக்கறா. நாளைக்குப் போன்னு சொல்றீங்க. நாளைக்கு அவ இருப்பாளா? உங்களுக்குப் பசிச்சா மட்டும் எல்லாம் உடனே நடக்கணும்!'

பிறகு சுற்றிக் கோடு இழுத்தாள். தொந்தியாரின் நெற்றி, மூக்கு, மீசை எல்லாம் குமிழுக்குள் போய்விட்டன. மிஞ்சியது தொந்திதான்.

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயாவோட படம்மா! முகமே போச்சே! இதைப் பார்த்து எவன் சிரிப்பான்?"

"சிரிக்க வேண்டாம். மாட்டினா இதை மாட்டுங்க, இல்லேன்னா சுவர் சும்மாவே கிடக்கட்டும்."

மை காய்வதற்குள் துடைத்துவிடத் துணி தேடி ஆசிரியர் நகர்ந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் பலகையின் முன்னால் போட்டு, மை காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.