அறுபதில் அடிக்கும் மணி

ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் பதிவேட்டில் ஒன்பது மணிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் இயந்திரக் கூடத்தில் எப்போதும் பல் கிட்டும் குளிர்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆளுயர அலமாரிகள் இரண்டு கறுப்பாக நின்றன. ஓய்வூதிய அலுவலகத்தின் மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர். அங்கே எல்லோரும் அதைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

"பெரியவருக்கு உடம்பு எப்படி?" என்று கேட்டபடி டேப் அண்ணன் வந்தார். தகவல் பதியும் டேப்புகளைக் கம்ப்யூட்டரில் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். டேப்புகள் ஒழிந்து பல வருடம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவருக்கென்ன அண்ணே, கல்லு மாதிரி இருக்காரு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் நேத்தெல்லாம் மூச்சு வாங்குச்சு."

அவள் கணவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இந்த வேலையோடு வந்த மருத்துவமனை அட்டை இருப்பதால்தான் அது நடந்துகொண்டிருந்தது.

ஒப்பந்த ஊழியரான அவளுக்குப் பதினோரு வருடமாக ஒரே வேலை. மணிக்கொரு தரம் திரையில் நாற்பத்துமூன்று இடங்களைப் பார்க்க வேண்டும், எண்ணைக் குறிக்க வேண்டும், ஏதாவது எல்லை தாண்டினால் சரிசெய்ய வேண்டும். போன மாதம் மேனேஜர் புதிதாக ஒன்று சொன்னார். இனிமேல் பெரியவர் தன்னைத் தானே சோதித்துக்கொள்வாராம். எதை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எந்த எண்ணில் எச்சரிக்கை கொடுப்பது, யாருக்குச் சொல்வது என்று ஒவ்வொன்றாக உள்ளே பதிந்துவிட்டால் போதும்.

"நீங்கதான் மேடம் செய்யணும். இதோட நாடி உங்களுக்குத்தானே தெரியும்?"

கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. "முடிச்சப்பறம் எனக்கு என்ன வேலை சார்?" என்று அவள் கேட்டதற்கு, "அத அப்பறம் பாக்கலாம்" என்றார். எச்சரிக்கை யார் போனுக்குப் போக வேண்டும் என்று கேட்டதற்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான். "இப்போதைக்கு உங்க நம்பரயே போடுங்க. அப்பறம் மாத்திக்கலாம்."

ஐந்து வாரத்தில் நாற்பத்திரண்டு முடிந்தது. மிச்சம் ஒன்று, ஸ்பூல். அச்சாக வேண்டியதையெல்லாம் பெரியவர் அடுக்கி வைக்கும் இடம் அது. நிரம்பிவிட்டால் எல்லா வேலையும் நின்றுபோகும். எண்பது விழுக்காட்டில் எச்சரித்தால் போதும் என்றது கையேடு. மற்ற நாட்களுக்கு அது சரிதான். ஒன்றாம் தேதி லட்சக்கணக்கான பேருக்கு ஓய்வூதியப் பட்டியல் ஓடும்போது அறுபதிலிருந்து நூறுக்கு இருபதே நிமிடத்தில் ஏறிவிடும். எண்பதில் விழித்தால் காரியம் கெட்டது. அதனால் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அவள் திரைமுன் நின்று, அறுபதைத் தொட்டதுமே ஏற்கெனவே அச்சாகிவிட்ட பழைய கோப்புகளை அழித்துவிடுவாள். அதை யாரும் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

டேப் அண்ணனுக்கு மட்டும் அரசல்புரசலாகத் தெரியும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எண்பதே போடும்மா."

"பத்தாதுண்ணே."

"பத்தாதுன்னு எனக்கும் தெரியும். புத்தகத்துல அதானே இருக்கு? உன்ன யாரு கேக்கப் போறா? ஒரே ஒரு ஒண்ணாந்தேதி முட்டி நிக்கட்டும். அப்பத்தான் ஆளோட அருமை தெரியும். தேடிட்டு உன் வீட்டுக்கே வருவாங்க."

"பென்ஷன் போகாதே அண்ணே."

"ஒரு நாள் லேட்டாப் போகும். செத்தா போயிடுவாங்க? நீ பண்றது சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிற வேலை. வீட்டுல இருக்கிற மனுஷன நெனச்சுப் பாரு."

அவள் நினைத்துத்தான் பார்த்தாள். எண்பது என்று அடித்தும் விட்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருமுறை இப்படி முட்டி நின்றிருக்கிறது. அன்று சாயங்காலம் வெளியே போனபோது வாசல் படியெல்லாம் கிழவர்களும் கிழவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படியிலேயே தூங்கிப்போயிருந்தார். அந்தச் செருப்பில் ஒன்றுக்கு வார் இல்லை, சணல் கயிறு கட்டியிருந்தது.

எண்பதை அழித்துவிட்டு அறுபது என்று போட்டாள். ஒன்றாம் தேதி மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கவும், அறுபதைத் தாண்டிவிட்டால் அதன்பின் ஒவ்வொரு தடவையும் எண்ணைப் போனுக்கு அனுப்பவும் சொல்லி வைத்தாள். டேப் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார்.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. இருபத்தெட்டாம் தேதி மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார்.

"பிரமாதமா பண்ணியிருக்கீங்க மேடம். மேலிடத்துலயே பாராட்டினாங்க. ஆனா ஷிப்டுக்கு ஒரு ஆள் போதும்னுட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

அவள் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "ஆஸ்பத்திரி கார்டு சார்?"

"அதெல்லாம் உடனே எடுத்துட மாட்டாங்க. நம்ம ஆபீஸ்ல ஒரு பேர எடுக்கறதுன்னா மூணு மாசம் ஆவும், தெரியாதா உங்களுக்கு?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

ஒன்றாம் தேதி காலை ஆஸ்பத்திரி வரிசையில் அவளுக்கு முன்னால் நான்கு பேர். கணவன் சுவரோரப் பெஞ்சில், வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. 'ஸ்பூல் 61. எச்சரிக்கை.' அவளே எழுதி வைத்த வாசகம்.

அவள் யோசிக்கவே இல்லை. டேப் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஸ்பூல் அறுபத்தொண்ணு. பழைய அச்ச உடனே அழிங்க. ஓடுங்க."

"கீழ் மாடியில தனியா மாரடிச்சிட்டிருக்கேன். உனக்கெப்படிம்மா தெரியும்?"

"எனக்குத்தான் வருது. நம்பர இன்னும் மாத்தல."

மறுமுனையில் அவர் இரைக்க இரைக்கப் படியேறுவது கேட்டது. "பாவி மக்க" என்றார் பிறகு. "இரு, அழிச்சிடறேன்."

அவள் முறை வந்தது. கவுண்டர் பெண் அட்டையை இயந்திரத்தில் தேய்த்தாள், துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

"இது செல்லாதும்மா. பேர எடுத்துட்டாங்க."

"மூணு மாசம் ஆகும்னாங்களே?"

"இல்லம்மா. இருபத்தெட்டாம் தேதியே எடுத்தாச்சு. தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்குது."

அவள் அட்டையை வாங்கிக்கொண்டு தள்ளி நின்றாள். கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'ஸ்பூல் 38. எல்லாம் சரியாக இருக்கிறது.'

பெஞ்சிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன, கூப்பிட்டாங்களா?"

அவள் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் கழித்து போன் மறுபடி அதிர்ந்தது. 'ஸ்பூல் 47. எல்லாம் சரியாக இருக்கிறது.'