எஞ்சின் நின்ற பிறகும் ஓடும் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் கார் கொதித்ததால் கிடைத்தது. தேவதானத்தைத் தாண்டும்போது பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ராஜபாளையம் வரை கட்டி இழுத்துவந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் போட்டோம். அங்கே இருந்த மெக்கானிக் வேறொரு வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே ஏதோ ஒன்று மட்டும் மெல்ல முனகிக்கொண்டே இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"கரண்டு வாட்டர் பம்பு, அண்ணாச்சி. எஞ்சின் நின்னாலும் இது செத்த நேரம் ஓடும். உள்ள சூடு ஆறணும்லா."

சொல்லிவிட்டு அவர் என் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். நான் அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மேற்கே மலையை மேகம் மூடிக் கிடந்த ஒரு மாலையில், ஐயாதுரை தன் வாழ்க்கையின்

வேண்டாம். முதல் வரியிலேயே வாழ்க்கை வந்துவிட்டால் அந்தக் கதை விளங்காது.

மறுபடி. ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஐயாதுரை, ஒரு பழைய சின்னக் காருக்குள் அதன் தகுதிக்கு மீறிய டர்போ எஞ்சினை இறக்கியிருந்தான். கோயம்புத்தூர்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோவதாக நினைப்பு. ஓடும்வரை வண்டியைக் குறை சொல்ல முடியாது. நிறுத்தினால்தான் வினை. எஞ்சினோடு வந்த பம்பு பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும், தண்ணீரும் போட்டது போட்டபடி நிற்கும், உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். எஞ்சினின் மூடிக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் ஒருமுறைக்கு இருமுறை போய்விட்டது. அதனால்தான் கரண்டு பம்பு வாங்கினான்.

இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆகவே அவன் மனைவி பாண்டிசெல்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.*

* உண்மையான மெக்கானிக்கின் மனைவி அன்று மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். இருவரும் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். கதைக்கு ஏக்கம் வேண்டியிருந்ததால் நடுவில் புகுந்து பிரித்தது நான்தான். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

3

அவள் ஏன் போனாள்? குடி என்று எழுதிப் பார்த்தேன். இன்னொரு பெண் என்றும் எழுதிப் பார்த்தேன். ஐயாதுரைக்கு இரண்டும் ஒட்டவில்லை. கடைசியில் அவளே சொன்னாள். (பாத்திரங்கள் தாமாகப் பேசும் என்று எழுதுகிறவர்கள் பீற்றிக்கொள்வதை நான் நம்புவதில்லை. இருந்தாலும் சொன்னாள்.) எந்தச் சண்டையிலும் அவன் பதில் பேச மாட்டான். பாதியில் எழுந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவான். திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதவன் போலத் தட்டின் முன் உட்காருவான். அதுவரை அவள் தனியாகக் கிடந்து வெந்துகொண்டிருப்பாள். போன மாசியில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கோவம் வந்தா கத்துங்க, கேட்டுக்கிடுதேன். சாவியத் திருகுனாப்புல வாய மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போனா, நான் எங்க போயி ஆறுதது?"

அதற்கும் அவன் எழுந்து ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனான்.

[சாவி, சூடு, ஆறுவது. உவமை இத்தனை சுலபமாக வந்து உட்கார்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவள் வேறு எதை வைத்துப் பேசுவாள்?]

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் உண்டு உறங்கும் நேரத்தில், ஐயாதுரை டெஸ்ட் டிரைவ் என்று கிளம்புவான். நேரே ஸ்ரீவில்லிபுத்தூர். (பால்கோவாவைக் கொண்டுவர மாட்டேன், கவலை வேண்டாம்.) தேரடி தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, உருண்டபடியே அவள் தெருவுக்குள் நுழைந்து, வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்பான். அவன் கை பட்ட எஞ்சின் எதுவானாலும் சத்தத்தை வைத்தே அவள் சொல்லிவிடுவாள். அதனால்தான் இந்தக் கள்ளத்தனம். மாடிக் கொடியில் அவள் சேலை காய்கிறதா என்று பார்ப்பான். பிறகு பிரேக்கை விட்டால் வண்டி சரிவில் தெருவின் மறுமுனைக்கு உருண்டுவிடும். அங்கே போய் ஸ்டார்ட் பண்ணிக்கொள்வான். (அப்படிச் சரிவான தெரு எது என்று ஊர்க்காரர்கள் தேட வேண்டாம். சரிவு நான் போட்டது.)

டர்போ வண்டியைச் சூட்டோடு அணைக்கக் கூடாது என்று வருகிறவனுக்கெல்லாம் சொல்கிறவன் அவன். அவனுடைய கேஸ்கட் போனது பந்தயத்தால் அல்ல, இந்தத் தெருவால்தான்.

கதவைத் தட்டினால் என்ன கேடு? தட்டினால் பேச வேண்டுமே. ஆனாலும் அவள் குரலைக் கேட்க அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அது சண்டைக் குரலாக இருந்தாலும் போதும் என்றிருந்தது.

5

பழைய பம்பில் தண்ணீரைத் தள்ளும் இறக்கைகளை அறுத்து எடுத்தான். ரேடியேட்டரின் அடி ஹோஸில் புதியதை மாட்டினான். தண்ணீர் ஊற்றி, உள்ளே நின்ற காற்றைப் பொறுமையாக வெளியேற்றினான். ஒரே ஒரு ஒயர் மிச்சம்.

அதைச் சாவியோடு சேர்த்தால், சாவியைத் திருகியதும் பம்பும் நின்றுவிடும். தெருவில் யாருக்கும் தெரியாது. கேஸ்கட் மறுபடி போகும். சூடு ஆறினால் தானே நிறுத்தும் சுவிட்ச் வைத்து நேரே பேட்டரியில் கொடுத்தால் எஞ்சின் பிழைக்கும். ஆனால் அணைத்த பிறகும், தண்ணீர் ஆறும்வரை, அவள் வாசலில் பம்பு முனகிக்கொண்டிருக்கும்.

ஒயரைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். நானும் அவனோடு நின்றேன். ஒரு பிரதியில் சாவியோடு சேர்த்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எழுத ஒன்றுமே இல்லை, அவன் வருகிற ஞாயிறெல்லாம் வந்து உருண்டு போய்க்கொண்டிருந்தான். அதைக் கிழித்துவிட்டு அவனையே பார்த்தேன்.

பேட்டரியில் கொடுத்தான். மெக்கானிக் என்ற முறையில் யோசித்துத்தான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டான். நான் மறுக்கவில்லை.

6

ஞாயிறு. தேரடி. உருண்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றான். தூங்கும் தெருவில் பம்பு முனகியது. அவன் கை ஹேண்ட் பிரேக்கில் இருந்தது. விட்டால் போய்விடலாம்.

உள்ளே பாண்டிசெல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெரிந்த எஞ்சின் சத்தமாக இருந்தால் வீம்புக்கு அசையாமல் இருந்திருப்பாள். இது அவள் கேட்டறியாத சத்தம். மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

அவன் கையை எடுத்துவிட்டு இறங்கினான்.

அவள் வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி வண்டியைப் பார்த்தாள்.

"என்னது அது? அணைச்ச பொறவும் ஓடுது?"

அப்போது பம்பு நின்றது.

இதற்கு என்ன பதில் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அதை ஐயாதுரையின் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வைத்தால் அது என் பேச்சாகிவிடும். பிரித்துவைத்தவன் பேச்சை அவள் ஏன் கேட்க வேண்டும்?

சேர்த்துவைத்து ஒரு முடிவும், அவன் பேசாமலே வண்டியில் ஏறிப்போகும் ஒரு முடிவும் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் இங்கே தரப்போவதில்லை. அவள் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள், இன்னும் சாத்தவில்லை. அவன் தொண்டையைச் செருமுகிறான். தெருவில் வேறு சத்தமே இல்லை. அவன் பேசினால் உங்களுக்குக் கேட்கும்.